ஆம்பியரைக் கேட்பது பேட்டரி

(ஆயக்குடியில் ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வண்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டைனமோ எத்தனை ஆம்பியர் ஏத்துது சார்? கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமா?" கேட்பவர் மனதில் ஒரு படம் இருக்கிறது. எஞ்சின் பக்கத்தில் சுழலும் அந்த மெஷின் பேட்டரிக்குள் ஆம்பியரைத் திணிக்கிறது. எவ்வளவு திணிக்கலாம் என்பதை ரெகுலேட்டர், அதாவது பட்டறையில் நாம் கட்-அவுட் என்று சொல்லும் பொருள், முடிவு செய்கிறது. இன்று நான் சொல்ல வந்திருப்பது இதற்கு நேர்மாறானது. இன்றைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ரெகுலேட்டர் ஆம்பியரைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது வோல்டேஜை மட்டும். எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று கேட்பது பேட்டரி. இந்த ஒன்று விளங்கிவிட்டால், ஆயுள் முடியும் முன்பே பழைய இரும்புக் கடைக்குப் போகும் பேட்டரிகளில் பாதியையாவது காப்பாற்றிவிடலாம் என்பது என் நம்பிக்கை.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் உவமை உண்டு. மேலே வரதமாநதி அணை இருக்கிறது. அணைத் தண்ணீர் வாய்க்காலில் வந்து குளத்தில் விழுகிறது. குளம் வறண்டு கிடந்தால் வேகமாகப் பாயும். வாய்க்கால் மட்டத்துக்குக் குளம் நிறைந்துவிட்டால், மதகை யாரும் அடைக்காமலே ஓட்டம் நின்றுவிடும். பாய்ச்சலின் வேகம் இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் என்பது மட்டம். ஆம்பியர் என்பது ஓட்டம். ரெகுலேட்டரின் வேலை வாய்க்காலின் மட்டத்தை மாறாமல் வைத்திருப்பது, அவ்வளவுதான்.

எண்களோடு பார்ப்போம். 1859-இல் பிரான்சு நாட்டு கஸ்தோன் பிளாந்தே செய்த ஈய-அமில பேட்டரிதான், எத்தனையோ திருத்தங்களோடு, இன்னும் நம் வண்டிகளில் இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள். நன்றாக நிறைந்து ஓய்வில் இருக்கும் செல் ஒன்றுக்கு 2.1 வோல்ட், ஆறுக்கும் சேர்த்து 12.6. பாதி காலியானால் 12.2 பக்கம் வந்துவிடும். இப்போது அதன் மேல் 14.2 வோல்ட் வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். இளைத்துப்போன 60 ஆம்பியர்-மணி பேட்டரி முதலில் 30 ஆம்பியர்கூட இழுக்கும். பிளேட்டுகள் நிறைய நிறைய உள்ளே எதிர் வோல்டேஜ் ஏறும். ஓட்டம் 10 ஆகும், 5 ஆகும், கடைசியில் ஒரு ஆம்பியருக்கும் கீழே இறங்கும். இத்தனை நேரமும் ரெகுலேட்டர் எதையும் மாற்றவில்லை. அது 14.2-ஐப் பிடித்துக்கொண்டு நின்றது. குறைத்தது பேட்டரி.

அப்படியானால் 14.2 என்ற எண் எங்கிருந்து வந்தது? செல்லுக்கு சுமார் 2.4 வோல்ட்டைத் தாண்டினால், உள்ளே போகும் மின்சாரம் பிளேட்டில் சேர்வதை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிரிக்கத் தொடங்குகிறது. ஆறு செல்லுக்கு அது 14.4. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றால் பேட்டரி நிறையும், கொதிக்காது. ஆகவே ரெகுலேட்டரின் எண்ணை விதித்தது பேட்டரியின் வேதியியல்.

இந்த வேதியியலுக்கென்றே நம் மாநிலத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நேரு 1948 ஜூலை 25 அன்று அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். இங்கிருந்து ஒரு பகல் பயணம்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. அவர்களில் ஒருவராவது அந்தப் பக்கம் போக வேண்டும் என்பது என் ஆசை.

இனி மெஷினுக்கு வருவோம். 1920-இல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். நம் பழனிச் சாலைதான் அந்த மேதையின் முதல் பள்ளிக்கூடம். அவர் காலத்திலும் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளும் வண்டிக்கு மின்சாரம் தந்தது டைனமோ. இப்போது நாம் பழக்கத்தில் டைனமோ என்று கூப்பிடும் ஆல்டர்னேட்டர் வேறு மெஷின்.

பழைய அம்பாசடரில் வேலை செய்த பெரியவர்களுக்கு அந்தக் கறுப்பு ரெகுலேட்டர் பெட்டி நினைவிருக்கும். மூடியைக் கழற்றினால் காயில்களும் பிளாட்டினப் புள்ளிகளும் தெரியும். டைனமோவுக்கு மூன்று காவல் தேவைப்பட்டது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பேட்டரியின் மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் பாயாமல் தடுக்க ஒன்று; உண்மையான கட்-அவுட் அதுதான். வோல்டேஜைப் பிடிக்க இன்னொன்று. மூன்றாவது, ஆம்பியரைப் பிடிக்க. ஏனென்றால் இளைத்த பேட்டரி கேட்டதையெல்லாம் கொடுக்கப் போனால் டைனமோ தானே எரிந்துவிடும். சில பெட்டிகளில் மூன்றாவது காயிலுக்குப் பதிலாக, வோல்டேஜ் காயிலின் மேலேயே மின்னோட்டம் போகும் தடித்த கம்பியைச் சில சுற்று சுற்றியிருப்பார்கள். ஓட்டம் கூடினால் வோல்டேஜ் தானாகச் சற்று இறங்கும். எவ்வளவு அழகான யோசனை! புள்ளிகளைத் தேய்த்து, இடைவெளி வைத்து, ஸ்பிரிங்கை வளைத்து அதைச் சரிசெய்த கைகள் இந்த அவையிலும் இருக்கின்றன. அவர்களுக்கு என் மரியாதை.

சிலிக்கான் டயோடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் கதை மாறியது. 1960-இல் அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தே விற்றது. இங்கே, 1961-இல் இங்கிலாந்தின் லூகாஸும் டி.வி.எஸ்ஸும் சேர்ந்து லூகாஸ் டி.வி.எஸ் நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை பாடியில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையின் ஆல்டர்னேட்டர் இந்த ஊரிலேயே எத்தனை வண்டிகளில் ஓடுகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆல்டர்னேட்டரில் சுழல்வது காந்தம், அதாவது ரோட்டர். வெளியே அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் கம்பிகளில் மூன்று ஃபேஸ் ஏ.சி. பிறக்கிறது. ஆறு டயோடுகள் அதை டி.சி. ஆக்குகின்றன. டயோடு ஒரு வழிப் பாதை என்பதால், பேட்டரி மின்சாரம் பின்னால் வர முடியாது. முதல் காவல் தேவையில்லாமல் போயிற்று. ரோட்டரின் காந்தம் நிலைக்காந்தம் அல்ல, மின்காந்தம். இரண்டு கார்பன் பிரஷ் வழியாக அதற்குள் மூன்று, நான்கு ஆம்பியர் போகிறது. அந்தச் சிறு ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்தால், அறுபது எழுபது ஆம்பியர் தரும் மெஷின் கட்டுப்படும். ரெகுலேட்டர் கை வைப்பது அங்கே மட்டும்.

அது கூட்டுவதும் குறைப்பதும்கூட, ஃபேனுக்கு வேகம் வைப்பது மாதிரி மெல்ல நடப்பதில்லை. உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது. வோல்டேஜ் குறித்த எண்ணுக்குக் கீழே இருந்தால் முழுதாகத் திறக்கும். தாண்டினால் முழுதாக மூடும். நொடிக்குப் பல முறை இப்படித் திறந்து மூடுகிறது. ரோட்டர் காயிலில் காந்தம் சட்டென்று ஏறாது, சட்டென்று இறங்காது. அதனால் இந்தத் திறப்பும் மூடலும் சேர்ந்து ஒரு சராசரியாகிவிடுகிறது. திறந்திருக்கும் நேரம் கூடினால் காந்தம் கூடும். ஹெட்லைட் போட்டவுடன் வோல்டேஜ் துளி இறங்கும், ரெகுலேட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், அவ்வளவுதான் நடப்பது. முதல் காந்தத்துக்கான மின்சாரம் டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு பேட்டரி விளக்கின் வழியாகவே போகும் வண்டிகள் நிறைய உண்டு. அந்த பல்பு ஃபியூஸ் ஆனால் எச்சரிக்கை போய்விடுவது மட்டுமல்ல, சார்ஜ் எடுப்பதே தடைபடலாம். சாவியைத் திருப்பும்போது அந்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது காவல், ஆம்பியரைப் பிடிக்கிற காவல், எங்கே போயிற்று? இதுதான் எனக்கு இந்த மெஷினில் மிகவும் பிடித்த இடம். எஞ்சின் 2000 சுற்று ஓடினால், புல்லி விகிதத்தால் ஆல்டர்னேட்டர் 5000 சுற்று ஓடும். பன்னிரண்டு துருவ ரோட்டரானால் பிறக்கும் ஏ.சி.யின் அதிர்வெண் 500 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் 50. அதிர்வெண் ஏற ஏற, ஸ்டேட்டர் காயில் தன் வழியே போகும் ஓட்டத்தை அதே அளவுக்கு எதிர்க்கிறது. வேகம் இரட்டித்தால் உள்ளே பிறக்கும் வோல்டேஜ் இரட்டிக்கும். காயிலின் எதிர்ப்பும் இரட்டிக்கும். ஒன்றை ஒன்று வகுத்தால் வரும் ஆம்பியர் ஏறக்குறைய மாறாது. 65 ஆம்பியர் மெஷினை எவ்வளவு விரட்டினாலும் அது அந்த எண்ணை வெகுவாகத் தாண்ட முடியாது. தன் எல்லையைத் தன் உடம்பிலேயே கொண்டிருக்கிறது. பெட்டிக்குள் இருந்த மூன்றாவது காயிலின் வேலையை ஸ்டேட்டரின் செம்புக் கம்பியே செய்கிறது.

ஆகவே "ஆம்பியரைக் கூட்டி வை" என்றால் உண்மையில் என்ன செய்ய முடியும்? வோல்டேஜைத்தான் கூட்ட முடியும். ரெகுலேட்டர் வோல்டேஜைப் பார்க்கும் சென்ஸ் ஒயரில் ஒரு டயோடைச் சேர்த்து அதை ஏமாற்றுகிறார்கள். டயோடு 0.6 வோல்ட்டைத் தின்றுவிடும், ரெகுலேட்டர் 14.2 என்று நம்பிக்கொண்டிருக்க, பேட்டரியில் 14.8 நிற்கும். இரண்டு நாள் செல்ஃப் நன்றாக எடுக்கும். பிறகு தண்ணீர் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வீணாகப் போகும் ஒவ்வொரு ஆம்பியர்-மணியும் செல் ஒன்றில் 0.336 கிராம் தண்ணீரைப் பிரித்துவிடும். தேவைக்கு மேல் 2 ஆம்பியர், நாளுக்கு 10 மணி நேரம் என்றால், ஆறு செல்லிலும் சேர்த்து 40 கிராம். பத்து நாளில் 400 கிராம் ஆகும். வெளியே வருவது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறிக்குப் பற்றும். பேட்டரி வெடித்து முகத்தில் அமிலம் பட்டவர்களை நான் அறிவேன். தயவுசெய்து அந்த டயோடு வேலையைச் செய்யாதீர்கள்.

அதிகமாகக் கொடுத்துச் சாகும் பேட்டரிகளைவிட, பசியில் சாகும் பேட்டரிகள் நம் பக்கம் அதிகம். தைப்பூசத்துக்கு வரும் பாதயாத்திரை வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பக்தர்கள் நடக்கும் வேகத்தில் வண்டி ஊர்ந்து வருகிறது. எஞ்சின் ஐடிலில். ஹெட்லைட் 10 ஆம்பியர், ஆம்ப்ளிஃபயர் 12 அல்லது 15, சீரியல் லைட், முருகன் படத்தைச் சுற்றி விளக்கு, எல்லாம் சேர்த்து 30-ஐத் தாண்டும். 65 என்று தகட்டில் போட்ட மெஷின் ஐடிலில் அதில் பாதியைத் தந்தாலே பெரிது. சூடு ஏறிய பிறகு அதுவும் குறையும். ரெகுலேட்டர் ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் நிற்கிறது. அதற்கு மேல் அதனால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பற்றாக்குறை 10 ஆம்பியர் என்றால், 60 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மணி நேரத்தில் பாதி காலி. பாட்டுப்பெட்டிக்கு என்று தனி பேட்டரி வையுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்க்கும் ரிலே ஒன்றைப் போடுங்கள். ஊர் திரும்பியதும் இரண்டையும் இரவு முழுக்கச் சார்ஜரில் போடுங்கள். அரை மணி நேரம் வண்டியை ஓட்டினால் நிறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கடைசி இருபது சதவீதத்தில் பேட்டரி மிக மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும், மணிக்கணக்காகும். அது நிறையாமல் நாட்கள் போனால் பிளேட்டில் சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும், பிறகு இளகாது.

கொய்யா ஏற்றும் குட்டியானை ஓட்டுநர்கள், அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்வதால்தான் பேட்டரி போகிறது என்கிறார்கள். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கும், உண்மை. ஆனால் நான்கே நொடி. ஆம்பியர்-மணிக் கணக்கில் ஆறில் ஒரு பங்கு. ஒரு நிமிட ஓட்டத்தில் திரும்பி வந்துவிடும். கெடுப்பது பெரும்பாலும் வேறொன்று: டெர்மினலில் பூத்திருக்கும் பச்சையும் வெள்ளையும், தளர்ந்த எர்த் கம்பி. அங்கே 0.02 ஓம் தடை இருந்தால் போதும், 30 ஆம்பியர் போகும்போது 0.6 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். ஆல்டர்னேட்டரின் முதுகில் 14.2, பேட்டரியில் 13.6. ரெகுலேட்டரைக் குறை சொல்லி மாற்றும் முன் ஒரு கெட்டில் வெந்நீரும் ஒரு கம்பி பிரஷும் எடுத்து டெர்மினலைச் சுத்தம் செய்யுங்கள்.

லாரி, பஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உங்கள் வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக இணைந்து 24 வோல்ட். டேப் செட்டும் ஆம்ப்ளிஃபயரும் 12 வோல்ட். எளிதாக இருக்கிறதே என்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் எடுத்துவிடுகிறார்கள். ரெகுலேட்டருக்குத் தெரிவது மொத்தம் மட்டுமே: 28.4. பாட்டுக்குக் கொடுத்து இளைத்த பேட்டரி 13.4-இல் நிற்கும். அப்படியானால் மீதி 15 வோல்ட் யார் தலையில்? எதுவும் கொடுக்காமல் நிறைந்து நின்ற மற்றதன் தலையில். ஒன்று பட்டினியில் சல்ஃபேட் ஆகிறது, இன்னொன்று கொதித்துத் தண்ணீர் குடிக்கிறது. "ஒரு பேட்டரி மட்டும் தண்ணி குடிக்குது, கம்பெனி சரியில்ல" என்று முதலாளி சொல்வார். கம்பெனி மேல் தவறில்லை. இரண்டு பேட்டரிக்கும் குறுக்கே 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வைத்து அதிலிருந்து பாட்டுக்கு எடுங்கள். ஒரு பேட்டரியின் விலையைவிடக் குறைவாகவே ஆகும்.

மலையேறும் வண்டிகளுக்கு இன்னொரு சங்கதி. இங்கிருந்து பழனி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறினால் 2100 மீட்டர் உயரம். குளிர்கால இரவில் அங்கே 10 டிகிரிக்குக் கீழே போகும். சித்திரை வெயிலில் இங்கே பானெட்டுக்குள் பேட்டரி 45 டிகிரி. குளிரில் வேதிவினை மந்தம், அதிக வோல்டேஜ் வேண்டும். வெப்பத்தில் அதே வோல்டேஜ் கொதிக்க வைத்துவிடும். செல் ஒன்றுக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 4 மில்லிவோல்ட் மாற வேண்டும். 25 டிகிரியில் 14.2 சரி என்றால், மேலே 10 டிகிரியில் 14.55 வேண்டும்; இங்கே 45-இல் 13.7 போதும். நல்ல எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் சூட்டுக்கேற்பத் தன் எண்ணை இறக்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் பழைய வகையில் அது உணர்வது தன் சொந்தச் சூட்டை, பேட்டரியின் சூட்டை அல்ல. விலை மலிவென்று வாங்கும் போலிகளில் இந்த ஏற்பாடே இல்லாமல் இருக்கலாம்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு, பல புது வண்டிகளில் ரெகுலேட்டருக்கு எண்ணைச் சொல்வது எஞ்சின் கம்ப்யூட்டர். ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது வோல்டேஜைத் தாழ்த்தி பாரத்தைக் குறைக்கும். இறக்கத்தில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்து வரும்போது, வோல்டேஜை உயர்த்தி பேட்டரியை நிரப்பும். அப்போது டீசல் செலவே இல்லை. மலை தரும் மின்சாரம் அது. நியூட்ரலில் வண்டியை உருட்டி வருபவர் இதையும் இழக்கிறார், எஞ்சின் பிரேக்கையும் இழக்கிறார். அத்தகைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சென்சார் இருக்கலாம். சார்ஜர் போட்டாலும் கூடுதல் விளக்கு இணைத்தாலும் எர்த் முனையை சேசியில் மாட்டுங்கள், நேராக நெகட்டிவில் மாட்டினால் கம்ப்யூட்டரின் கணக்கு தப்பிப்போகும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்து, "வண்டி நிற்கல, டைனமோ நல்லா இருக்கு" என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. டைனமோ காலத்தில் தப்பித்திருக்கலாம். ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வாங்குபவரைத் திடீரென்று எடுத்துவிட்டால், ரோட்டரின் காந்தம் அடங்குவதற்குள் வோல்டேஜ் 80, 100 என்று எகிறும். அரை நொடிகூட இருக்காது, ஆனால் டயோடும் ரெகுலேட்டரும் எஞ்சின் கம்ப்யூட்டரும் சாக அது போதும்.

கடைசியாக, இப்போது சிலர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை வாங்கி வண்டியில் வைக்கிறார்கள். இதுவரை சொன்னதன் மறுபக்கம் இங்கே தெரியும். ஈய பேட்டரி நிறைய நிறையக் கேட்பதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் அப்படி இல்லை. ஏறக்குறைய நிறையும் வரை, மெஷின் எவ்வளவு தர முடியுமோ அவ்வளவையும் கேட்டுக்கொண்டே இருக்கும். ரெகுலேட்டர் ஆம்பியரைப் பார்ப்பதில்லை என்றேன் அல்லவா? அது முழுதாகத் திறந்தே நிற்கும். ஐடிலில், விசிறிக் காற்று போதாமல், ஆல்டர்னேட்டர் ஒரு மணி நேரம் முழு பாரத்தில் ஓடி வெந்துபோகும். நிறைந்ததும் பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் பட்டென்று துண்டித்தால், முன்பு சொன்ன வோல்டேஜ் எகிறலும் வரும். இதற்கு வழி, ஸ்டார்ட்டுக்கு ஈய பேட்டரியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கும் லித்தியத்துக்கும் நடுவே 20 அல்லது 30 ஆம்பியருக்கு மேல் விடாத டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்றை வைப்பது. ஆம்பியரைப் பார்க்கும் கருவி தேவைப்படும் இடம் இது.

வாசலில் உங்கள் வண்டிகள் நிற்கின்றன. என்னிடம் மூன்று மல்டிமீட்டர் இருக்கிறது. எஞ்சின் நிற்கும்போது ஒரு முறை, ஐடிலில் ஒரு முறை, 1500 சுற்றில் ஹெட்லைட் போட்டு ஒரு முறை, பேட்டரியின் ஈயக் கட்டையிலேயே முனையை வைத்து அளப்போம். 12.6, பிறகு 13.8-க்கும் 14.4-க்கும் நடுவே, கடைசியில் 13.5-க்குக் குறையாமல் வந்தால் நல்லது. வராத வண்டிகளை ஓரமாக நிறுத்துங்கள். பெல்ட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டே போகிறேன்.